காலில் புடைத்த நாளங்களுக்கு லேசர்: கொழும்புக்குப் போகுமுன் கேட்கிறேன்

உவர்மலை ஆசிரியை:
இருபது ஆண்டுகளுக்கு மேலாக நின்றபடியே கற்பித்து வருகிறேன். இடது முழங்காலுக்குக் கீழே நாளம் கயிறுபோல் முறுக்கிப் புடைத்திருக்கிறது. கணுக்காலைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற ஊதாக் கோடுகளும் உண்டு. கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தைத் தொலைபேசியில் விசாரித்தபோது, காலைப் பார்க்காமலே, லேசரில் எல்லாம் மறைந்துவிடும் என்றார்கள். இரண்டுக்கும் ஒரே லேசர்தானா? அன்றே திருகோணமலைக்குத் திரும்பலாமா?

கிண்ணியா தாதி:
அக்கா, இரண்டும் வேறு. புடைப்புக்குக் காரணமான நாளத்தினுள் மெல்லிய லேசர் இழையைச் செலுத்தி, சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த திரவத்தை ஏற்றி, இழையைப் பின்னிழுத்துக்கொண்டே உட்சுவரைச் சூட்டால் மூடுவார்கள். 1470 நனோமீற்றர் அலைநீளம் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. இரத்தம் மற்ற நல்ல நாளங்கள் வழியே இதயத்துக்குத் திரும்பும். கோடுகளுக்கோ தோலின் மேலிருந்து 1064 நனோமீற்றர் லேசர் அடிக்கலாம். ஆனாலும் காலில் உள்ள கோடுகளுக்கு நுண்ணிய ஊசியால் மருந்தேற்றுவதையே பல மருத்துவர்கள் முதலில் தெரிவு செய்கிறார்கள். நம்மைப்போன்ற கருமையான தோலில் லேசர் தழும்பையோ நிறமாற்றத்தையோ விட்டுச்செல்லும் வாய்ப்பு அதிகம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதற்கும் முன்னதாக, உங்களை நிற்கவைத்து, நாளங்களில் இரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். இரத்தத்தை மேல்நோக்கி மட்டும் விடும் வால்வு நாளத்தினுள் பழுதாகி, இரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் அந்த நாளத்தையே முதலில் கவனிக்க வேண்டும். அதை விட்டுக் கோடுகளை மட்டும் அழிப்பது, மடையை அடைக்காமல் வயல் நீரை இறைப்பதுதான்.

உப்புவெளிக் கடைக்காரர்:
நாளத்தினுள் லேசர் செய்துகொண்டவன் நான். அன்றே நடந்தேன், ஆனால் அன்றே பேருந்தில் ஏறவில்லை. ஆறேழு மணிநேரம் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் இருந்தால் இரத்தம் உறையக்கூடும் என்று மருத்துவர் தடுத்ததால், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். கெண்டைக்காலில் மூன்று மாதம் உணர்ச்சி மங்கியிருந்தது, பிறகு சரியாகிவிட்டது. அழுத்தக் காலுறையை நம் ஊர் வெயிலில் அணிவதுதான் பெரும்பாடு! சொன்ன கட்டணத்தில் ஸ்கேனும் காலுறையும் அடங்கவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. நீங்கள் முன்பே கேளுங்கள்.

கிண்ணியா தாதி:
ஒன்றை மறந்துவிட்டேன். சிகிச்சைக்குப் பின் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, கொழும்பு மருத்துவரின் அழைப்புக்குக் காத்திராமல் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

உவர்மலை ஆசிரியை:
மிக்க நன்றி. கொழும்பில் கேட்டிருந்த திகதியைத் தள்ளிவைத்துவிட்டு, இங்கேயே சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காலைக் காட்டி, ஸ்கேனுக்குக் கடிதம் வாங்கப் போகிறேன்.