14 அடி படகில் 40 எச்பி மாட்டலாமா?

துடுப்பு: என்னுடையது ஃபைபர் படகு. நீளம் 14 அடி, டிரான்சம் (இன்ஜின் மாட்டும் பின்பக்கப் பலகை) அகலம் 4 அடி 3 அங்குலம், அதன் உயரம் 15 அங்குலம், அடிப்பக்கம் வி வடிவம். இன்ஜினை நேரடியாகக் கைப்பிடியால் திருப்புவது. அதிகபட்சம் எத்தனை எச்பி (குதிரைத்திறன்) என்று போட்டிருந்த தகடு எப்போதோ உரிந்துவிட்டது. பழைய 40 எச்பி அவுட்போர்டு (படகுக்கு வெளியே மாட்டும் இன்ஜின்) ஒன்று கிடைக்கிறது. பாதி வேகத்திலேயே ஓட்டினால் பரவாயில்லைதானே?

நீரடி: பரவாயில்லை என்று சொல்ல வழியில்லை. 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதியில் அதிகபட்ச எச்பிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நீளத்தையும் டிரான்சம் அகலத்தையும் அடியில் பெருக்குங்கள். 3 அங்குலம் என்பது 0.25 அடி, 4.3 என்று போட்டுவிடாதீர்கள். 14 × 4.25 = 59.5, அதாவது 60.

கைப்பிடி ஸ்டீயரிங், வி அடி என்றால் 0.8 ஆல் பெருக்கி 25ஐக் கழிக்க வேண்டும்: 23. அடுத்த ஐந்தின் மடங்குக்கு ஏற்றலாம், ஆக 25 எச்பி. அதுதான் உச்சம். இதே அளவில் தட்டை அடியும், அடியும் பக்கமும் சேரும் இடத்தில் கூரான விளிம்பும் இருந்தால் 0.5 ஆல் பெருக்கி 15 கழிக்கணும். 15 எச்பியோடு சரி. திருப்பத்தில் அந்த விளிம்பு தண்ணீரில் மாட்டினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பெருக்குத்தொகை 52க்கு மேல் வந்தால்தான் இந்தச் சூத்திரம். அதற்குக் கீழே தனி அட்டவணை. ரப்பர் படகுக்கு இது எதுவும் பொருந்தாது.

பாதி வேகத்தில் ஓட்டினாலும் இன்ஜின் எடை பாதியாகாது. நான்கு ஸ்ட்ரோக் 40 எச்பி கிட்டத்தட்ட 95 கிலோ. நீங்களும் பெட்ரோல் டேங்கும் பின்னாலேயே இருந்தால் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும், டிரான்சம் தாழும். வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின்னால் வரும் அலை 15 அங்குலத்தைத் தாண்டி உள்ளே விழும்.

துடுப்பு: சக்கர ஸ்டீயரிங் வைத்தால்?

நீரடி: சக்கரம் மட்டும் போதாது, டிரான்சமும் 20 அங்குலம் இருக்கணும். இரண்டும் இருந்தால் 2 × 60 − 90 = 30. அப்போதும் 40 வராது.

கொக்கி: 20 எச்பி போதும் என்பேன். 15 அங்குல டிரான்சத்துக்கு ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) இன்ஜின்தான் வாங்குங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலத்துக்குள் கீழேயோ நிற்கணும். மேலே போனால் புரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். கில் சுவிட்ச் (இழுபட்டால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) கயிறு ஓட்டுபவர் உடம்பில் கட்டியே இருக்கட்டும்.

அதற்கு முன் டிரான்சத்தைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். ஃபைபருக்குள் இருக்கும் மரம் நன்றாக இருந்தால் கணீரென்று சொல்லும்.

துடுப்பு: தட்டினேன். வடிகால் துளையைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் மொத்தென்று கேட்கிறது.

கொக்கி: உட்பக்கத்திலிருந்து சின்ன ட்ரில்லால் துளையிடுங்கள். உலர்ந்த வெளிறிய தூள் வந்தால் துளையை எப்பாக்ஸியால் அடைத்துவிடலாம். ஈரமாகக் கறுப்புத் தூள் வந்தால் உள்ளே பிளைவுட் உளுத்துவிட்டது. மேலே ஃபைபர் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அந்தப் பலகையை எடுத்துப் புதிது வைக்கும்வரை 5 எச்பிகூட மாட்டாதீர்கள்.