மெர்சோ 2022: இப்போதே குடிப்பதா, எடுத்து வைப்பதா?

கேள்வி:
போன மாதம் பிரான்ஸின் பர்கண்டி பகுதிக்குப் போயிருந்தபோது மெர்சோ கிராமத்தில் தயாரிப்பவரிடமே 2022 வெள்ளை ஒயின் ஆறு பாட்டில் வாங்கினேன். நேற்று ஒன்றை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினேன். மூக்கருகே கொண்டுபோனதும் தீக்குச்சி உரசிய வாசனை, வாயில் எலுமிச்சைப் புளிப்பு, கடைசியில் மரத்தின் துவர்ப்பு, அவ்வளவுதான். வெண்ணெய், வறுத்த பருப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, ஒன்றையும் காணோம். கெட்டுப்போனதா? மிச்சம் ஐந்தும் பாரிஸில் என் சமையலறை அலமாரியில் இருக்கின்றன.

பதில்:
கெடவில்லை, கவலைப்படாதீர்கள். பீப்பாயில் ஈஸ்ட் வண்டலோடு, காற்று அதிகம் படாமல் கிடந்த ஷார்டனே திராட்சை ஒயினில் அந்தத் தீக்குச்சி வாசனை வரும், அங்கே சிலர் அதை விரும்பியே வரவைக்கிறார்கள். நீங்கள் குடித்த குளிரில் மற்ற வாசனைகள் எழும்பாது. 12, 13 டிகிரிக்கு வரட்டும், டிகாண்டரில் (காற்றுப்பட ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை) ஒரு மணி நேரம் விடுங்கள். நேற்றைய பாட்டிலில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள், இன்று மறுபடி ருசித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருந்தால் அதற்கு ஆயுள் உண்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு பதில்:
முதலில் அந்த அலமாரியைக் காலி செய்யுங்கள், அடுப்புச் சூடு ஒயினுக்கு எமன். பாரிஸ் பழைய கட்டடங்களில் அடித்தளத்தில் காவ் என்ற நிலவறை இருக்குமே, அங்கே இருட்டில் படுக்க வையுங்கள். எத்தனை வருடம் என்பது லேபிளைப் பொறுத்தது. மெர்சோவில் கிராண்ட் க்ரூ, அதாவது உச்சத் தரத் தோட்டம், கிடையாது. பெரியேர், ஜெனவ்ரியேர் போன்ற, அதற்கு அடுத்த தரமான பிரீமியே க்ரூ தோட்டம் என்றால் எட்டு வருடம் வரை பொறுக்கலாம், வெறும் மெர்சோ என்றால் நான் ஐந்தோடு நிறுத்துவேன். அதற்கு மேல் எனக்குத் துணிவில்லை. 1990களின் நடுவிலிருந்து வெள்ளை பர்கண்டியில் ஒரு நோய், காலத்துக்கு முன்பே ஆக்சிஜன் ஏறிவிடும். கார்க், குறைந்த கந்தகம், திராட்சையைப் பிழியும் முறை என்று பல காரணம் சொல்கிறார்கள். பக்கத்து ஊரான புலின்யியின் என் ஒயின் ஒன்று பத்தாம் வருடம் திறந்தபோது தேநீர் நிறத்தில், வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் மாதிரி மணத்தது; அதே பெட்டியில் பக்கத்துப் பாட்டில் அருமை! அதனால் ஐந்தையும் ஒரே தேதிக்கு நம்பி வைக்காதீர்கள், வருடத்துக்கு ஒன்று திறங்கள்.

கேட்டவர்:
நன்றி. காவைத் திறந்து பார்த்தேன், 14 டிகிரி. நேற்றைய மிச்சத்தையும் இப்போதுதான் ஊற்றினேன், தீக்குச்சி அடங்கி, வறுத்த ஹேஸல் பருப்பு மெல்ல வருகிறது. லேபிளில் மெர்சோ என்று மட்டும்தான் போட்டிருக்கிறது, அடுத்ததை வரும் கிறிஸ்துமஸுக்குத் திறக்கிறேன்.