டர்பனில் ஏறி டர்பனிலேயே இறங்கும் கப்பல்: பாஸ்போர்ட், விசாவில் மாட்டிய அனுபவங்கள்

டோங்காட் மருமகள்:

மூன்று ராத்திரிப் பயணம்தான். டர்பனில் ஏறி, மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவில் ஒரு பகல், மறுபடி டர்பன். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்ம தமிழ்க் குழுவில் பாதிப் பேர் போய் வந்திருப்பீர்கள், அதனால் விவரிக்கவில்லை. அம்மா மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். இந்தியப் பாஸ்போர்ட். மொசாம்பிக்குக்கு விசா எடுத்தோம், பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தோம். எல்லாம் சரி என்றுதான் நினைத்தோம்.

கவுன்டரில் இருந்த பையன் அம்மாவின் தென்னாப்பிரிக்க விசா ஒட்டிய பக்கத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தான். விரலை எடுக்காமலே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் 'சிங்கிள்' என்று இருந்தது.

“இதே ஊருக்குத்தானப்பா திரும்பி வர்றோம்?” என்று அம்மா அவனிடம் தமிழிலேயே கேட்டார். சட்டையில் குத்தியிருந்த பெயர் நம்ம பெயர்தான், ஆனால் அவனுக்குத் தமிழ் வராது. அதை நான்தான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன், கப்பல் புறப்பட்டால் நாட்டைவிட்டுப் போனதாகத்தான் கணக்கு, திரும்பி வருவது இரண்டாவது நுழைவு, அதற்கு இந்த விசாவில் இடமில்லை என்று பொறுமையாக விளக்கினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக் கப்பலுக்குள் ஏற்றிவிட்டார்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரை அதற்குள். பெட்டி திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புதுச் சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கப்பலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்களும் போகவில்லை. பணம் போனது போகட்டும். இப்போதும் போனில் பேசினால், “அன்னைக்கு நான் வராம இருந்திருந்தா பிள்ளைங்க போயிருக்கும்ல” என்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பீனிக்ஸ் வாசி:

படிக்கவே வருத்தமாக இருக்கிறது அக்கா. ஆனால் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பல் என்றால் பாஸ்போர்ட்டே வேண்டாம், பிறப்புச் சான்றும் ஐடியும் போதும் என்று நான் படித்திருக்கிறேன். உங்களை அநியாயமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

தம்பி, நீங்கள் படித்தது அமெரிக்க விதி. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில், கனடா, மெக்ஸிகோ, பெர்முடா, கரீபியன் பக்கம் போய் வரும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் அந்தச் சலுகை. 2009 ஜூனிலிருந்து அப்படி. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் பிறப்புச் சான்று மட்டுமே போதும். டர்பனில் அது செல்லாது. அமெரிக்காவிலேயே நமக்குச் செல்லாது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

மகன் சியாட்டிலில் இருக்கிறான். அவனிடம் போயிருந்தபோது அலாஸ்கா கப்பலுக்கு டிக்கெட் எடுத்தான். சியாட்டில், அலாஸ்கா, மறுபடி சியாட்டில். நாங்கள் இருவரும் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட், பல முறை நுழையும் அமெரிக்க விசா. வரிசையில் எங்களுக்கு முன்னால் மருமகளின் தோழி. ஒரு பிறப்புச் சான்றையும் டிரைவிங் லைசென்ஸையும் நீட்டினாள், ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விட்டாள். எங்கள் முறை வந்ததும், “கனடா விசா எங்கே?” என்று கேட்டார்கள்.

கனடாவா? கடைசி நாள் மாலை விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும் என்று அட்டவணையில் சின்னதாகப் போட்டிருந்தது. நாங்கள் இறங்கவே மாட்டோம் என்றேன். இறங்காவிட்டாலும் வேண்டும் என்றார்கள். பிறகுதான் மகன் தேடிப் படித்துச் சொன்னான். 1886-இல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆளை ஏற்றிச் சுற்ற முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். விக்டோரியாவில் நிற்பது அதற்காகத்தான். என் மனைவி அலாஸ்காவின் பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்! மகனையும் மருமகளையும் போகச் சொல்லிவிட்டு நாங்கள் டாக்ஸியில் வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பீனிக்ஸ் வாசி:

சரி அண்ணா, நான் சொன்னது தவறு. அக்கா, மன்னியுங்கள்.

சாட்ஸ்வொர்த் ஆயா:

எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். இருந்தாலும் எழுதத் தோன்றுகிறது.

என் மகன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மருமகளையும் எட்டு வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன், பிள்ளை முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம் என்று. பேத்தியின் பாஸ்போர்ட், அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்று எல்லாம் எடுத்துப் போயிருந்தோம். 2015 ஜூனிலிருந்து இந்த விதி கண்டிப்பு என்பது எங்களுக்குத் தெரியும். தாய் மட்டும் கூட்டிப் போனால் தகப்பனின் சம்மதம் அஃபிடவிட்டாக, அதாவது உறுதிமொழிப் பத்திரமாக வேண்டும். தகப்பன் இல்லை என்றால் இறப்புச் சான்று. அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டோம். வேண்டுமென்றே வைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காகிதத்தை உல்லாசப் பயணத்துக்கு எடுத்துப் போக மருமகளுக்கு மனம் வரவில்லை.

கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள், தகப்பனின் சம்மதக் கடிதம் எங்கே என்று. மருமகள் வாய் திறப்பதற்குள் பேத்தி, “என் அப்பா செத்துட்டார்” என்று சொல்லிவிட்டாள். சத்தமாக. பின்னால் நின்றவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் பூட்டைத் திறந்து, அலமாரியில் தேடி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அந்தப் பெண்ணே உள்ளே போய் பிரின்ட் எடுத்து வந்தாள். குழந்தை கடத்தலைத் தடுக்கப் போட்ட விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

டோங்காட் மருமகள்:

ஆயா, கண் கலங்கிவிட்டது.

அம்ஷ்லாங்கா அண்ணன்:

நான் மூன்று முறை கப்பலில் போயிருக்கிறேன். ஒருமுறை பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு காலிப் பக்கம் இருந்ததால் பயந்து போனேன், அவ்வளவுதான். ஆனால் போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், திரும்பி வரும் தேதியிலிருந்து எண்ணி ஆறு மாதம் பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும், கிளம்பும் தேதியிலிருந்து அல்ல. இரண்டு காலிப் பக்கமாவது இருக்கட்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடம், பதினாறுக்குக் கீழே ஐந்து வருடம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்பா அம்மாவுடையது நன்றாக இருக்கும், பிள்ளையுடையது காலாவதி ஆகியிருக்கும். புதுப்பிக்க 600 ராண்ட். கடைசி மாதத்தில் ஓடாதீர்கள். பிள்ளைகளை ஆயா தாத்தாவோடு மட்டும் அனுப்பினால் பெற்றோர் இருவரின் அஃபிடவிட்டும் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள்.

ஐரோப்பாவில் கப்பல் ஏறுகிறவர்கள் ஷெங்கன் விசாவை, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவை, பல முறை நுழைய என்றே கேளுங்கள். டோங்காட் தங்கைக்கு நடந்ததேதான் அங்கேயும் நடக்கும். என் நண்பர் ஒருவர் வெனிஸில் ஏறி குரோஷியா போய் வெனிஸ் திரும்பும் கப்பலுக்கு, ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போய் நின்றார். குரோஷியா ஷெங்கனில் சேர்ந்ததே 2023-இல்தான், இது அதற்கு முன்னால். சௌதாம்ப்டனில் ஏறினால் பிரிட்டிஷ் விசா தனி. 2009 வரை நமக்கு அது தேவைப்படவில்லை, அந்த நினைப்பிலேயே இன்னும் இருக்கிறவர்கள் உண்டு. ரீயூனியன் பிரான்ஸின் மண்தான், ஆனால் ஷெங்கனில் இல்லை. உங்கள் வீட்டில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நம்பி அந்தத் தீவுக்குக் கிளம்பாதீர்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். குடியுரிமைச் சான்றும் ஐடியும் இருந்தால் வாத்தியார் சொன்ன மாதிரிக் கப்பலில் ஏறலாம், ஆனால் நடுவழியில் நெஞ்சுவலி என்று ஏதோ ஒரு தீவில் இறக்கிவிட்டால் விமானத்தில் திரும்பப் பாஸ்போர்ட் வேண்டும்.

மெர்பேங்க் தங்கச்சி:

அண்ணா, சொன்னதெல்லாம் உபயோகம்தான். ஆனால் அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள், பட்டியல் இல்லாமல் போகவில்லை. ‘திரும்பி வருவது’ என்றால் வீட்டுக்குத் திரும்புவது என்றுதானே நாம் எல்லோரும் நினைப்போம்?

என் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிறப்புச் சான்றில் அவருடைய அப்பா பெயர் ஒரு மாதிரி, ஐடியில் குடும்பப் பெயர் வேறு மாதிரி. கூடப்பிறந்த மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். 1860-லிருந்து இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களை எழுதிக்கொண்டவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், அது இன்றுவரை வருகிறது. டிக்கெட்டில் மகள் ஒரு எழுத்துக்கூட்டில் போட்டுவிட, பாஸ்போர்ட்டில் வேறு. கவுன்டரில் திருத்திக் கொடுத்தார்கள், பிரச்சினை இல்லை. பெரியம்மா மட்டும் அந்த இருபது நிமிடமும் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. அவர் காலத்தில் இந்தியர் ஜோகன்னஸ்பர்க் போகவே பெர்மிட் எடுக்க வேண்டும். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்க 1891-இல் போட்ட தடை 1986 வரை இருந்தது. காகிதத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது உட்காரக் கூடாது என்று அவர் உடம்புக்குத் தெரியும். பெயரைத் திருத்தியதும் அந்த அதிகாரிக்கு இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

என் அப்பாவும் அப்படித்தான் நிற்பார் அம்மா.

டோங்காட் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் எழுதியதைக் குறித்து வைத்துக்கொண்டேன். அம்மா தைப்பூசக் காவடி பார்க்க மறுபடி வருகிறார். இந்த முறை விண்ணப்பத்திலேயே பல முறை நுழைய என்று கேட்டிருக்கிறோம். விசா இன்னும் வரவில்லை, கப்பலுக்கு டிக்கெட்டும் எடுக்கவில்லை. நேற்று போனில் அந்தப் பேச்சை நான்தான் எடுத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், “மாத்திரையைக் கைப்பையிலேயே வச்சுக்கிறேன்” என்றார்.