'திஸ் வே அப்': சிரிக்க வைத்ததற்கே முழுப் புள்ளியா?

வெள்ளவத்தை வாசகி:
பிரித்தானியாவின்ர சேனல் 4 டிவியில 2019இல துவங்கின நகைச்சுவைத் தொடர். ஆஷ்லிங் பீ எழுதி நடிச்சது. 2 சீசன், சீசனுக்கு 6 எபிசோட், ஒண்டும் அரை மணித்தியாலத்தைத் தாண்டாது. லண்டனில வெளிநாட்டாருக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிற ஓன்யா, மனமுடைஞ்சு ரீஹாப் எண்ட மறுவாழ்வு நிலையத்தில இருந்துபோட்டு வெளிய வாறதில கதை துவங்குது. விமர்சகர்கள் தலையில தூக்கி வச்சினம். 2020இல பிரித்தானியாவின்ர பெரிய திரை, டிவி விருதான பாஃப்டாவில புதுத்திறமை விருதும் வந்துது. என்ர வழக்கு பாதி தொடரோட, பாதி ரிவியூ எழுதினவையோட. 'பாரமான விஷயத்தை இலேசாச் சொல்லுது' எண்டதோட நிப்பாட்டிட்டினம். ஆள் எப்பிடித் தேறி வாறா எண்டு கேக்கேல்லை.

மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யத் துவங்கவே 2 முதல் 4 கிழமை எடுக்கும். சுகம் கண்ட பிறகும் குறைஞ்சது 6 மாசம் தொடரவேணும். கனபேர் ரெண்டாம் மாசமே 'இப்ப நல்லாத்தானே இருக்கிறன்' எண்டு தாங்களாவே விட்டிடுவினம். பிறகு தலைச்சுத்து, நித்திரைக் குழப்பம், எரிச்சல், மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு உணர்வு. அது மருந்தைத் திடீரெண்டு விட்டதாலயும் இருக்கலாம், நோய் திரும்பினதாலயும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல டொக்டர் வேணும். கதைக்கு இவ்வளவு தீனி இருக்கிற கட்டத்தைத் தொடர் ஓரத்தில தள்ளிட்டுது. மனநல ஆஸ்பத்திரி இருக்கிறதால 'அங்கொடை' எண்ட ஊர்ப்பேரையே ஏச்சாப் பாவிக்கிற கொழும்பில இது சின்னக் குறையில்லை.

மருதானை ரிஸ்வி:
தங்கச்சி, நகைச்சுவைத் தொடர் மருந்துப் பெட்டிக்குள்ள வைக்கிற துண்டு இல்ல. முதல் காட்சியைத் திரும்பப் பாருங்க. ரீஹாப்பை விட்டுக் கிளம்புறப்போ ஜக்கூஸி இல்லன்னு குறை சொல்றா, ஹோட்டல் ரூமைக் காலி பண்ணுற ஆள் மாதிரி. 'எப்படி இருக்கீங்க'ன்னு யாரும் கேட்டுட முன்னம் வாயை அடைக்கிற ஜோக் அது. பக்கத்தில அக்கா ஷோனா, ஷாரன் ஹோர்கன். அக்கா தங்கச்சிப் பொருத்தம் பிரமாதம்னு ரிவியூக்கள்ல ஒரு வரி. அங்க நடக்கிறது காவல் இல்லையா? மனநல ஆஸ்பத்திரியை விட்டு வந்த முதல் வாரமும் அடுத்த 3 மாசமும்தான் தற்கொலை ஆபத்துக் கூடின காலம். கதை சரியா அந்த இடத்தில ஆரம்பிக்குது. போன் எடுக்கலன்னா வேலையா இருக்காளா, வேற ஏதுமான்னு வீட்டார் நெஞ்சு அடிச்சுக்கிற காலம். அதைப் படம் பிடிச்சாச்சு. குளிசைக் கணக்கு எதுக்கு?

வெள்ளவத்தை வாசகி:
ரிஸ்வி நானா, காவல் திட்டமாகாது. பாதுகாப்புத் திட்டம் எண்டு எழுதி வைக்கிற தாளில 6 படி இருக்கு: தனக்கு வாற முன்னறிகுறி, தானே செய்யக்கூடியது, மனசைத் திருப்ப ஆக்களும் இடங்களும், உதவி கேக்கக்கூடிய ஆக்கள், வைத்தியரும் அவசர இலக்கமும், வீட்டைப் பாதுகாப்பாக்கிறது. கடைசிப் படியைத்தான் வீட்டுக்காரர் மறக்கிறது. மருந்தை மாசக்கணக்கில குடுக்காமல் கிழமைக்கு கிழமை குடுக்கிறதும், மிச்சத்தைப் பூட்டி வைக்கிறதும் அதுக்குள்ளதான் வரும். நோயாளியோட இருந்து எழுதவேணும், அவவுக்குத் தெரியாமல் உளவு பாத்தால் நம்பிக்கை போயிடும். ஷோனா மாதிரி நெஞ்சிடியோட மட்டும் இருந்தால் அக்காவும் விழுந்திடுவா.

கொட்டாஞ்சேனை தாசன்:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. சிகிச்சையைக் காட்டினால் சரியாகக் காட்டுவார்கள் என்று என்ன நிச்சயம்? 2023இல் வந்த 'ஷ்ரிங்கிங்' தொடரைப் பாருங்க. மனநல ஆலோசகர் தன்னிடம் வரும் ஆளைத் தன் வீட்டு வளவிலேயே குடிவைக்கிறார். சிரிப்பு வருது, ஆனால் அந்தத் தொழிலில் அது பெரிய மீறல். ஆலோசகரே வீட்டுக்காரரும் ஆனால், கோபம் வந்தாலும் அவரிடம் சொல்ல முடியாது, விட்டுப்போகவும் முடியாது. பிழையாகக் காட்டுறதை விட ஓரத்தில் விடுறது மேல்.

எனக்குக் கோபம் ஒரு சொல்லில். தமிழில் எழுதுறவர்கள் 'குணமடைதல்' என்றே போடுறாங்க. குணம் என்றால் முடிஞ்சுது, இனி மருந்தும் இல்லை கிளினிக்கும் இல்லை. வாசகி முதல் பதிவில் தற்செயலாகச் சரியான சொல்லைப் போட்டிருக்கிறா: தேறி வாறது. காய்ச்சலுக்கு அப்படித்தானே சொல்றோம், ஆள் எழும்பி நடந்தாலும் வாய்க்கசப்புப் போகாது. இந்தத் தொடர் அந்த வாய்க்கசப்புத்தான். ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு எழுதினவனுக்கு அது பிடிபடாது, 12ஐயும் பார்க்கணும்.

மருதானை ரிஸ்வி:
தாசன் சொல்றது சரி. ஆறு படியும் வேணும்தான், தங்கச்சி, ஆனா அதை ஒரு பாத்திரம் வாயால சொல்ல வச்சா அந்த நிமிஷமே சிரிப்புச் செத்துடும். ஷோனா ஒரு அலமாரியைப் பூட்டுறதைக் காட்டினாப் போதும், வசனமே வேணாம்.

வெள்ளவத்தை வாசகி:
அதைத்தானே நானும் கேக்கிறன், அலமாரி எங்க? சிரிப்பைக் கெடுக்காமல் ரெண்டு செக்கனில காட்டலாம் எண்டு நீங்களே ஒத்துக்கொண்டாச்சு. பாக்கப்போறவை முதல் சீசனில இருந்து பாருங்கோ, ஐரிஷ் உச்சரிப்பு வேகம், சப்டைட்டிலைப் போடுங்கோ. வீட்டில ஆருக்கும் இப்பவே தேவையெண்டால் தொடர் முடியும் வரைக்கும் காத்திருக்காமல் 1926க்கு அடியுங்கோ, அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம்.