ஸ்டீராய்டு சொட்டும் கருவிழிப் புண்ணும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

துளிர்:
அப்பாவுக்குக் கருவிழியில் பாக்டீரியா புண். கண்ணில் ஏதோ துகள் தெறித்ததில் ஆரம்பித்தது. முதலில் உறுத்தல், அப்புறம் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், கடைசியில் கருவிழியின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு. மருத்துவமனையில் புண்ணைச் சுரண்டி மாதிரி எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் சொட்டை மணிக்கொரு தடவை விடச் சொன்னார்கள், ராத்திரியிலும். வீட்டில் முறை வைத்து எழுந்து விட்டோம்.

இப்போது புண் கட்டுப்பட்டு வருகிறது. மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கையும் வந்துவிட்டது. இந்த நேரத்தில் மருத்துவர், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டும் சேர்க்கலாம் என்கிறார். வீட்டில் இரண்டு கட்சி. "ஸ்டீராய்டு கண்ணையே கரைத்துவிடும், வேண்டவே வேண்டாம்" என்கிறாள் அக்கா. "கிருமி எதுவென்று பார்த்தவரே சொல்லும்போது நாம் யார் தடுக்க?" என்கிறார் அத்தான். நான் நடுவில் நிற்கிறேன். பொதுவான அறிவுரைகள் போதுமான அளவு படித்துவிட்டேன். இந்தச் சொட்டோடு வாழ்ந்தவர்கள் நல்லதோ கெட்டதோ நடந்ததை எழுதுங்கள்.

லென்ஸ்காரி:
உங்கள் அக்கா பயப்படுவதைத் தப்பு சொல்ல மாட்டேன். நான் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். ஒரு காலை கண் சிவந்து, வலியோடு எழுந்தேன். போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மெட்ராஸ் ஐ மாதிரிதான் இருக்கிறது என்று ஒரு சொட்டு எழுதிக் கொடுத்தார்கள். புண் இருக்கிறதா என்று சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கவில்லை. லென்ஸ் போடுவீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

சொட்டு விட்ட மறுநாளே சிவப்பு வடிந்தது, வலியும் பாதியானது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பார்வை மட்டும் மங்கிக்கொண்டே போனது. கண் பார்க்க நன்றாக இருந்ததால் அந்த மங்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கருவிழி நிபுணரிடம் போனபோது சூடோமோனாஸ் என்றார்கள். லென்ஸ் போடுகிறவர்களை அதிகம் தாக்கும் கிருமி, வேகமாகத் தின்னும். கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் தேங்கியிருந்தது.

நான் விட்டுக்கொண்டிருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தார் அந்த மருத்துவர். ஒரு ஆன்டிபயாடிக், கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. "ஆன்டிபயாடிக்தான் இருந்ததே, கிருமி ஏன் சாகவில்லை?" என்று கேட்டேன். இப்படிப்பட்ட புண்ணுக்கு ஒரு நாளைக்கு நாலு துளி எந்த மூலைக்கு என்றார். மருந்து போதாமல் கிருமி பெருகியிருக்கிறது. அதை எதிர்க்க வேண்டிய உடம்பை ஸ்டீராய்டு அடக்கி வைத்திருக்கிறது. சிவப்பும் வலியும் போனது அதனால்தான்.

புண் ஆறிவிட்டது. ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. தழும்பு மேடுபள்ளமாக இருப்பதால் சாதாரணக் கண்ணாடி உதவவில்லை. கடின லென்ஸ் போட்டால் ஓரளவு தெரிகிறது. லென்ஸால் வந்த வினைக்கு லென்ஸே துணை! அதிலிருந்து எந்தச் சொட்டு வாங்கினாலும் பொடி எழுத்தைப் படிக்கிறேன். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால். இதில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பாட்டிலின் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆய்வகத்து ஆள்:
நான் மருத்துவர் இல்லை. இப்படிச் சுரண்டி எடுக்கும் மாதிரிகளைப் பார்க்கும் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை. மாதிரி என்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு துணுக்கு. அதையும் பிரித்து, ஒன்றைப் பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயத்துக்கு, இன்னொன்றைப் பூஞ்சைக்காகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுப் பார்க்க, மீதியைக் கல்ச்சர் தட்டுகளுக்கு என்று வைப்போம். பூஞ்சை இருந்தால் அதன் இழைகள் பெரும்பாலும் அன்றைக்கே கண்ணில் படும். பல பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் தட்டில் முளைத்துவிடும். ஏற்கெனவே எதையாவது விட்டுக்கொண்டிருந்தவரின் மாதிரி என்றால் பல சமயம் ஒன்றுமே முளைக்காது.

துளிர், லென்ஸ்காரிக்கு நடந்ததும் உங்கள் அப்பாவுக்குச் சொல்வதும் வேறு வேறு. லென்ஸ்காரிக்குக் கிருமி எதுவென்று தெரியாமலே ஸ்டீராய்டு போயிருக்கிறது, ஆன்டிபயாடிக்கும் பற்றாக்குறை. உங்கள் அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு பேச்சு எழுகிறது.

ஏன் சேர்க்க நினைக்கிறார்கள்? கருவிழி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதைக் கிருமி அரிப்பது ஒரு பக்கம். கிருமியைக் கொல்ல வரும் வெள்ளை அணுக்கள் விடும் நொதிகளும் அதே திசுவைக் கரைக்கின்றன. கிருமி செத்த பிறகும் இந்தக் கரைப்பு கொஞ்ச நாள் ஓடும். தழும்பு கனமாவது அதனால்தான். அந்த அழற்சியைத் தணித்தால் பார்வை மிஞ்சுமா என்பது பழைய சண்டை.

இதைச் சோதிக்கத்தான் ஸ்கட் என்ற ஆய்வு நடந்தது. பாக்டீரியா என்று கல்ச்சரில் உறுதியான 500 பேர். அவர்களில் பெரும்பாலோர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள். எல்லோருக்கும் முதல் 48 மணி நேரம் மாக்ஸிஃபிளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும். அதற்கப்புறம் அதைத் தொடர்ந்துகொண்டே, பாதிப் பேருக்கு 1 சதவீத பிரெட்னிசோலோன், மீதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டு. முடிவு 2012-இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் இரு தரப்பின் பார்வையிலும் மொத்தமாக வித்தியாசம் இல்லை. கருவிழி ஓட்டை விழுவதும் கூடவில்லை. ஆக, 'கண்ணையே கரைத்துவிடும்' என்ற கட்சியும் ஜெயிக்கவில்லை, 'கட்டாயம் வேண்டும்' என்ற கட்சியும் ஜெயிக்கவில்லை.

ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் விஷயம் இருக்கிறது. ஆரம்பத்திலேயே விரல் எண்ணும் அளவோ அதற்கும் குறைவாகவோ பார்வை இருந்தவர்களுக்கும், கருவிழியின் நடுவில் புண் இருந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு உதவியதுபோல் தெரிந்தது. நொகார்டியா என்ற கிருமி உள்ளவர்களுக்கு அது கெடுதல், தழும்பு பெரிதானது. நொகார்டியா உள்ளவர்களை நீக்கிவிட்டு ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு தரப்புக்குப் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையில் ஏறக்குறைய ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தது. ஒரு வரிதான். அதற்காகச் சண்டை போடுவதா என்று கேட்டால், நடுவிழி புண்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பேன்.

பூஞ்சை, அகந்தமீபா என்ற ஒருசெல் உயிரி, அக்கி (ஹெர்பிஸ்) வைரஸ் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதனால் அக்காவையும் அத்தானையும் விடுங்கள், அறிக்கையில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மரக்கிளை:
நடுவில் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா இல்லை, அக்கி வகை வைரஸ். வெளியிலிருந்து பார்த்தால் அதே சிவப்பு, அதே கூச்சம். சாயம் விட்டால்தான் கிளை கிளையாகத் தெரியும். முன்பு வேறெதற்கோ வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு வீட்டில் மிச்சம் இருந்தது, அதை எடுத்துக் கண்ணில் விடு என்று எல்லோரும் சொன்னார்கள். கண் மருத்துவரிடம் போனபோது, நல்லவேளை விடவில்லை, விட்டிருந்தால் கிளை பரந்து பெரிய புண்ணாகியிருக்கும் என்றார். திறந்த பாட்டிலை அன்றே குப்பையில் போட்டேன்.

ஒட்டுக்கண்:
எனக்குக் கருவிழி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒட்டிய கருவிழியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு விடுகிறேன். உங்களுக்கெல்லாம் வில்லனாக இருப்பது எனக்குக் காவல்காரன்.

அந்தக் காவலுக்குள்ளேயே கிருமி நுழைந்தது. சிவப்பு இல்லை, வலி இல்லை, பீளை இல்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில், தளர்ந்த தையல் ஒன்றின் பக்கத்தில் பனித்துகள் மாதிரி வெள்ளையாக ஏதோ கிளைத்திருப்பதை மருத்துவர் பார்த்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாவாம். ஸ்டீராய்டு பழகிய கண்ணில் இப்படிச் சத்தமில்லாமல் வளருமாம். தையலை எடுத்து, ஆன்டிபயாடிக்கைக் கூட்டி, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சட்டென்று நிறுத்தினால் ஒட்டு போய்விடும், அப்படியே விட்டால் புண் முற்றிவிடும். தேறிவிட்டேன், ஆனால் ஆற மாதங்கள் ஆயின.

துளிர்:
எல்லோருக்கும் நன்றி. அறிக்கையில் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் பெயர் இருக்கிறது. நொகார்டியாவா, பூஞ்சையா என்று மருத்துவரிடம் கேட்டேன், இரண்டும் இல்லை என்று எழுதியே காட்டினார். ஆன்டிபயாடிக்கை நிறுத்தக் கூடாது, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துவிடுவோம், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார். ஆரம்பித்துவிட்டோம். அக்கா இன்னும் முறைக்கிறாள். ஒட்டுக்கண் ஐயா, ஒரு சந்தேகம்: பாட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா?

ஒட்டுக்கண்:
லேபிளில் அசிடேட் என்று இருக்கிறதா? இருந்தால் கெடவில்லை. அது கரையாத துகள் கலந்த மருந்து, நின்றால் அடியில் தங்கும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கிவிட்டு விடுங்கள், இல்லையென்றால் மேலே உள்ள தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும். பாஸ்பேட் என்று இருந்தால் தெளிவாகத்தான் இருக்க வேண்டும், படிவு தெரிந்தால் விடாமல் திருப்பிக் காட்டுங்கள். ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு இரண்டு சொட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். போகும்போது கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு சிலருக்கு அதை ஏற்றிவிடும்.

லென்ஸ்காரி:
முறைக்கிற அக்காவுக்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் காலையில் அப்பாவின் நல்ல கண்ணை மூடிவிட்டு, அதே இடத்தில் உட்கார வைத்து, அதே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லட்டும். நேற்றைவிட மங்கலாகத் தெரிகிறது என்றாலோ, வெள்ளைத் திட்டு பெரிதானாலோ, கண்ணில் சிவப்பே இல்லாவிட்டாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.