பாலக்ளாவாவில் காயம்பட்ட குதிரைவீரர்: 1855க்குப் பின் தடம் இல்லை

பிரிட்டிஷ் குதிரைப்படையான 17ஆம் லான்சர்ஸ் படையின் சிப்பாய் ஒருவரைத் தேடுகிறேன். கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 பாலக்ளாவா குதிரைப்படைப் பாய்ச்சலில் காலில் குண்டடி, துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனை, 1855இல் படையிலிருந்து விடுவிப்பு. அப்புறம் ஆளைக் காணோம்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ (போர்த்துறை) வரிசையில் டபிள்யூஓ 12 ஆள்கணக்கு, டபிள்யூஓ 100 பதக்கப் பட்டியல் பார்த்தாயிற்று. டபிள்யூஓ 97 விடுவிப்புத் தாளில் பிறந்த ஊர், வயது, உயரம், காயம் எல்லாம் இருக்கிறது. எங்கே குடியேறினார் என்பது மட்டும் இல்லை. 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே பெயரில் பத்துப் பேருக்கு மேல்! நம்ம ஊர் முருகன் மாதிரி பெயர்.

செல்சி ராயல் மருத்துவமனை வழியாகத் தரப்பட்ட ராணுவ ஓய்வூதியம் வாங்கியிருக்கிறார். மிச்சம் இருப்பது டபிள்யூஓ 22, மாவட்டவாரியான ஓய்வூதியக் கணக்கு. அதை இவர் பிறந்த மாவட்டத்திலிருந்து தொடங்குவதா, லண்டனிலிருந்தா?