பர்னாந்து, பெரைரா, மச்சாது... நம்ம குடும்பப் பேருக்கு என்ன அர்த்தம்?

கடலோரத்தான்: எனக்கு தூத்துக்குடி. ஆபீஸ்ல பர்னாந்துன்னு சொன்னாலே கோவாவான்னு கேக்குறாங்க, பரம்பரை பரம்பரையா இங்கதான் இருக்கோம்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. இந்தப் பேர் எப்படி வந்துச்சு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முத்துச்சிப்பி: தம்பி, 1535-37ல முத்துக்குளிக்கிற உரிமைக்குப் பெரிய சண்டை, அப்போ பரதவர் ஊர் ஊரா போர்த்துக்கீசியர் பாதுகாப்புக்குப் போய் ஞானஸ்நானம் வாங்குனாங்க, ஞானத்தகப்பனா நின்னவங்க பேரே வீட்டுப் பேரா ஒட்டிக்கிச்சுன்னு எங்க பெரியவங்க சொல்வாங்க. இலங்கையில சிங்களவங்க கிட்ட இருக்கிற பெரேரா, சில்வாவும் போர்த்துக்கீசியர் காலத்துப் பேருதான். கோவான்னு கேட்டா, வல்லநாட்டுல இருந்து தூத்துக்குடிக்குத் தண்ணி கொண்டு வந்த சேர்மன் குரூஸ் பர்னாந்து பேரைச் சொல்லுங்க!

வலைக்காரி: அர்த்தம்தான் ரொம்ப அழகு. பெரைரான்னா பேரிக்காய் மரம், சில்வான்னா காடு, மச்சாதுன்னா கோடாலி, கோஸ்தான்னா கடற்கரை. பெர்னாண்டஸ்னு 'எஸ்' போட்டு முடிஞ்சா பெர்னாண்டோவோட மகன்னு அர்த்தம், ரோட்ரிக்ஸும் அப்படித்தான், யோசிச்சுப் பாத்தா நம்ம அப்பா பேரை இனிஷியலா போடுறோம்ல அதே கதைதான்.

கடலோரத்தான்: ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. போன வாரம் கோயில்ல பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டர் பாத்தேன், ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு, எங்க பாட்டையா பேருக்குப் பக்கத்துல பர்னாந்துன்னு கறுப்பு மையில சாய்ச்சு எழுதியிருக்கு. அதை போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இனி கேக்குறவங்களுக்கு அதையே காட்டுறேன்.